தடை செய்யப்பட்ட போனில் வீட்டுப்பாடம்

2018 ஜூன் மாதம் தமிழ்நாட்டில் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வந்தன. வண்ணப் படங்கள், நிறைய செய்முறைகள், ஓரத்தில் ஒரு கறுப்பு வெள்ளைக் கட்டம். மத்திய அரசின் திக்‌ஷா செயலியைத் திறந்து அந்தக் கியூஆர் கோடுக்கு நேரே போனைப் பிடித்தால் பாடத்துக்கான காணொளி ஓடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மாணவர்கள் பள்ளிக்குள் செல்போன் கொண்டுவரக் கூடாது என்ற உத்தரவும் அதே பள்ளிகளில் அப்போது நடப்பில் இருந்தது, இன்றும் இருக்கிறது. புத்தகம் போனைக் கேட்கிறது, பள்ளி போனைத் தடுக்கிறது. ராத்திரி அப்பா வேலை முடிந்து வந்ததும் அவருடைய போனை வாங்கிக்கொள்வது என்று பிள்ளைகளே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

கொரோனா இந்தப் பாசாங்கைக் கலைத்தது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. முந்தைய ஆகஸ்டில் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி கைகொடுத்தது என்றாலும், வகுப்பாசிரியருக்கும் மாணவருக்கும் நடுவே மிஞ்சியது வாட்ஸாப்தான். நகையை அடகு வைத்து போன் வாங்கிய வீடுகள் உண்டு. ஒரே போனை மூன்று பிள்ளைகள் முறை வைத்துக்கொண்ட வீடுகளும் உண்டு. 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பினார்கள். போன் வீட்டோடு தங்கிவிட்டது, வகுப்புக் குரூப்பும் கலையவில்லை. இப்போது வீட்டுப்பாடம், மழை விடுமுறை, தேர்வு அட்டவணை, ஆண்டுவிழா எல்லாம் அதில்தான். காய்ச்சலில் படுத்திருக்கும் பிள்ளைக்காக, “மிஸ், இன்னைக்கு என்ன ஹோம்வொர்க்குன்னு குரூப்ல போட்டுருங்க மிஸ்” என்று அம்மா குரல்பதிவு அனுப்புகிறார். போன் வகுப்பறைக்குள் வரலாமா என்று இன்னமும் பட்டிமன்றம் நடத்துகிறவர்கள், அது உள்ளே வந்து உட்கார்ந்து பல வருடம் ஆகிவிட்டதைக் கவனிக்கவில்லை.

கருவி விஷயத்தில் தமிழ்நாட்டைக் குறை சொல்ல முடியாது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளின் கைக்குப் போயின. பல வீடுகளில் அதுதான் முதல் கணினி. பிறகு 6,000க்கும் அதிகமான பள்ளிகளில் ஹைடெக் லேப், தொடக்கப் பள்ளிகளில் 20,000க்கும் மேற்பட்ட ஸ்மார்ட் வகுப்பறைகள், தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினி என்று வரிசையாக வந்தன. எதைக் கொடுத்தோம், எத்தனை கொடுத்தோம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கொடுத்ததை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை எப்படிப் பத்திரமாக நடமாட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததற்கு அப்படியொரு கணக்கு இல்லை.

பாடமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மேல்நிலை முதலாம் ஆண்டுக் கணினி அறிவியல் புத்தகத்தில் இணையப் பாதுகாப்புக்கு ஓர் அத்தியாயம் உண்டு. பிஷ்ஷிங், ஃபயர்வால், குக்கி, குறியாக்கம், 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் எல்லாம் அதில் வரும். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு நன்றாக உதவும். ஆனால் அதைப் படிப்பவர்கள் அந்தப் பாடப்பிரிவை எடுத்தவர்கள் மட்டும், அதுவும் பதினாறு வயதில். முன்பின் தெரியாத ஒருவன் இன்ஸ்டாகிராமில் ‘ஹாய்’ அனுப்புவது ஏழாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது.

மற்ற வகுப்புகளுக்கு என்ன கிடைக்கிறது? வருடத்துக்கு ஒரு விழிப்புணர்வுக் கூட்டம். மைதானத்தில் வெயிலில் வரிசையாக உட்காரவைத்து, சிறப்பு விருந்தினருக்குச் சால்வை போர்த்தி, முக்கால் மணி நேரப் பேச்சு. போட்டோ போடாதீர்கள், முன்பின் தெரியாதவரிடம் பேசாதீர்கள், வாழ்க்கையே போய்விடும். பேச்சில் பாதி பெண் பிள்ளைகளைப் பார்த்துத்தான். அந்தக் கூட்டத்திலிருந்து பிள்ளை ஒன்றைத் தெளிவாகக் கற்றுக்கொண்டு போகிறது: நமக்கு ஏதாவது நடந்தால் குற்றம் நம்முடையது. நாளைக்கு ஒருவன் மிரட்டினால் வீட்டில் சொல்ல முடியுமா? சொன்னால் முதலில் போன் போகும், அடுத்து பள்ளிக்கூடம் போகும், அதற்கடுத்து மாப்பிள்ளை பார்ப்பார்கள். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது. மிரட்டுகிறவனுக்கு வேண்டியதும் அந்த மௌனம்தான். பயமுறுத்தி நடத்தும் பாதுகாப்புப் பாடம், யாரிடமிருந்து காப்பாற்ற நினைக்கிறதோ அவனுக்கே உதவி செய்துவிடுகிறது.

2017இல், பிள்ளைகளைத் தற்கொலைக்குத் தூண்டுவதாகச் சொல்லப்பட்ட ‘புளூ வேல்’ இணைய விளையாட்டைப் பற்றிய பயம் ஊரெல்லாம் பரவியது நினைவிருக்கலாம். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. பள்ளிகள் சுற்றறிக்கை அனுப்பின. பையன்களின் கையில் திமிங்கிலக் கீறல் இருக்கிறதா என்று ஆசிரியர்கள் சோதித்தார்கள். 2018 ஜனவரியில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது வேறு: ஆராய்ந்த மரணங்களில் எதிலும் அந்த விளையாட்டுக்குப் பங்கு இருந்ததாக நிறுவ முடியவில்லை. இந்தப் பதில் எந்தப் பெற்றோர் குரூப்பிலும் பகிரப்பட்டதாகத் தெரியவில்லை.

பயத்துக்குப் பதில் வகுப்பில் எதை வைக்கலாம்? சின்னக் காணொளி ஒன்று இருக்கிறது. தெருவில் சிறுவர்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வருகிறார்கள். பின்னால் இருப்பவன் ஒரு சிறுவனைத் தூக்கிக்கொள்ள, வண்டி பறந்துவிடுகிறது. கண்காணிப்புக் கேமராவில் பதிவானது போன்ற காட்சி. 2018இல் இந்தியா முழுக்க வாட்ஸாப்பில் ஓடிய ‘பிள்ளை பிடிக்கிறவர்கள்’ காணொளி இதுதான். ஒவ்வோர் ஊரிலும் அந்த ஊரின் பேரைச் சேர்த்து அனுப்பினார்கள்.

உண்மையில் அது கராச்சியில் எடுத்தது. காணாமல் போகும் குழந்தைகளுக்காக வேலை செய்யும் ரோஷ்னி ஹெல்ப்லைன் என்ற அமைப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் வண்டி திரும்பி வரும். பையனை இறக்கிவிடுவார்கள். தெருவில் ஒரு குழந்தையைத் தூக்கிப்போக எவ்வளவு சுலபம் என்று சொல்லும் பதாகையை விரித்துக் காட்டுவார்கள். யாரோ அந்தக் கடைசிச் சில நொடிகளை மட்டும் வெட்டினார்கள். அவ்வளவுதான் வேலை. பிள்ளைகளைக் காப்பாற்ற எடுத்த படம், ஆளை அடித்துக் கொல்லும் படமாக மாறிப்போனது.

அந்த ஆண்டு மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு வழி தேடிக் காரில் வந்த சென்னைக் குடும்பம் ஒன்று வழியில் நின்றது. அறுபதைக் கடந்த அம்மாள் ஒருவர் அங்கிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று ஊர் கூடி அடித்தது. அந்த அம்மாள் இறந்துபோனார். அடித்ததையும் போனில் படம் எடுத்தார்கள். ஜூலையில் வாட்ஸாப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஃபார்வேர்டு செய்ய முடியாதபடி வரம்பு வைத்தது.

எட்டாம் வகுப்பில் இந்தக் காணொளியை முதலில் வெட்டிய வடிவத்தில் போட்டுக்காட்டலாம். பிறகு கேட்கலாம்: இது எந்த ஊர்? எதை வைத்துச் சொல்கிறாய்? கடைப் பலகையில் என்ன எழுத்து? படம் எடுத்தவர் எங்கே நின்றிருப்பார்? அதற்கப்புறம் முழுப் படம். அந்த இரண்டாவது காட்சி முடியும்போது வகுப்பில் உண்டாகும் சத்தத்துக்கு எந்தச் சிறப்பு விருந்தினரின் பேச்சும் ஈடாகாது. இதற்குத் தனிப் பாடவேளை வேண்டியதில்லை; தமிழ் வகுப்பே போதும். யார் சொன்னது, யாரிடம் சொன்னது, எந்த இடத்தில் சொன்னது என்று செய்யுளுக்குக் கேட்கும் கேள்விகளை ஒரு ஃபார்வேர்டுக்கும் கேட்டால் சரி. கூற்றும் துறையும் சொல்லித்தந்த மரபுக்கு இது புதிய வித்தை இல்லை.

இப்படி ஒன்றைப் பக்கத்து மாநிலத்தில் செய்தும் பார்த்திருக்கிறார்கள். தட்டம்மை – ரூபெல்லா தடுப்பூசி 2017இல் போடப்பட்டபோது வாட்ஸாப் வதந்தியால் கேரளத்தின் கண்ணூரில் ஏராளமான பெற்றோர் பிள்ளைகளுக்கு ஊசி போட மறுத்தார்கள். தமிழ்நாட்டிலும் அந்த ஆண்டு பிப்ரவரியில் அதே வதந்தி, அதே மறுப்பு. இங்கே வதந்தியை மறுக்கும் அறிக்கையோடு விஷயம் முடிந்தது. கண்ணூர் மாவட்ட ஆட்சியர் மீர் முகமது அலி 2018இல் சுமார் 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்தியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று வகுப்பு நடத்தவைத்தார். ‘சத்யமேவ ஜயதே’ என்று பெயர். அது பிறகு மாநிலத் திட்டமாக விரிந்தது. கேரளத்துக்கு இதற்கான அடித்தளமும் இருந்தது. 2001லேயே ஐடி@ஸ்கூல் திட்டத்தைத் தொடங்கி, கணினியை மற்றப் பாடங்களுக்குள்ளும் கலந்தவர்கள் அவர்கள். 2022இல் ‘லிட்டில் கைட்ஸ்’ என்ற மாணவர் குழுக்களைக் கொண்டு தாய்மாருக்கு இணையப் பாதுகாப்பு வகுப்பெடுத்தார்கள். பிள்ளை சொல்லித்தர அம்மா கற்றுக்கொள்ளும் வகுப்பு. அந்தத் திட்டத்துக்கு ‘அம்ம அறியான்’ என்று பெயர் வைத்தார்கள். மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமின் 1986ஆம் ஆண்டுப் படத்தின் பெயரை ஓர் அரசுத் துறை எடுத்துக்கொள்கிற ஊர் அது.

ஆசிரியருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்ற வீம்பை விட்டுவிட்டால்தான் அப்படி ஒரு வகுப்பு நடக்கும். செட்டிங்ஸில் எது எங்கே இருக்கிறது என்பது பத்து வயதுப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். அதை எதற்காக மாற்ற வேண்டும் என்று சொல்லத்தான் பெரியவர் வேண்டும்.

ஆனால் பெரியவர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள்? ஒரு வகுப்புக் குரூப்பை எடுத்துக்கொள்வோம். நாற்பது வீட்டு எண்கள். ஒவ்வொன்றும் மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் தெரியும். அந்த எண்ணில் இருப்பவர் அப்பாவா, சித்தப்பாவா, போன வருடம் பள்ளி மாறிப்போன பிள்ளையின் வீட்டாரா என்று யாரும் சரிபார்ப்பதில்லை. பல எண்களின் முகப்புப் படம் பிள்ளையின் படம். பிறந்தநாள் வாழ்த்து சீருடைப் படத்தோடு, முழுப் பெயரோடு, தேதியோடு வருகிறது. ‘அட்மின் மட்டும் பேசலாம்’ என்று மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்கும் பள்ளிகள் நிறைய. அதனால் ரோஜாப்பூவும் காலை வணக்கமும் நிற்கும். எண்கள் அப்படியே எல்லோர் கண்ணிலும் படும். 2022 நவம்பரில் வந்த கம்யூனிட்டி வசதியின் அறிவிப்புப் பகுதியில் உறுப்பினரின் எண் மற்ற உறுப்பினருக்குத் தெரியாது. பத்து நிமிட வேலை. இலவசம். ஆனாலும் பெரும்பாலான பள்ளிகள் பழைய குரூப்பிலேயே காலம் தள்ளுகின்றன.

அந்தப் பிறந்த தேதியைக் கொஞ்சம் பின்தொடர்ந்து போகலாம். பொதுத்தேர்வு முடிவைப் பார்க்கப் பதிவெண்ணும் பிறந்த தேதியும் போதும். பல இணையதளங்களில் பிறந்த தேதிதான் கடவுச்சொல். வீட்டில் பணம் அனுப்பும் செயலியின் ரகசிய எண்ணும் பெரும்பாலும் யாராவது ஒருவரின் பிறந்தநாள்தான். இதைக் கணக்கு வகுப்பில் கொண்டுபோய் வைத்தால் அருமையான பாடம். நான்கு இலக்கத்தில் எத்தனை எண்கள் அமைக்கலாம்? 0000 முதல் 9999 வரை 10,000. அதையே நாள், மாதம் என்று வைத்தால்? 366தான். பத்தாயிரம் கதவு உள்ள வீட்டில் திருடனுக்கு முன்னூற்றுச் சொச்சம் கதவை மட்டும் விட்டுவைத்திருக்கிறோம். அந்தப் பிறந்தநாளையும் குரூப்பில் கேக் படத்தோடு போட்டுவிட்டால் மிச்சம் ஒன்று. கரும்பலகையில் இந்தக் கணக்கைப் போட்ட அன்று சாயங்காலம் நாற்பது வீடுகளில் ரகசிய எண் மாறும். நிகழ்தகவு பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் இருக்காது.

அரசும் இதில் விலக்கல்ல. கொரோனா காலத்தில் பல நாடுகளில் பயன்பட்ட 160க்கும் மேற்பட்ட கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு ஆராய்ந்து 2022 மே மாதம் அறிக்கை வெளியிட்டது. ஏறத்தாழ பத்தில் ஒன்பது, குழந்தைகளின் உரிமையைப் பாதிக்கும் விதத்தில் தரவைக் கையாண்டன. பாடநூல் கட்டம் திறந்துவிடும் அதே திக்‌ஷாவும் அந்தப் பட்டியலில் இருந்தது. போன் இருக்கும் இடத்தைத் துல்லியமாகச் சேகரிக்க வல்லது என்பது குற்றச்சாட்டு. 2023 ஜனவரியில் இன்னொன்று வெளியானது. திக்‌ஷாவின் தரவு வைத்திருந்த மேகக்கணிச் சேமிப்பு ஒன்று பூட்டில்லாமல் கிடந்திருக்கிறது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் அதில் இருந்தன. லட்சக்கணக்கான மாணவர்களின் பெயரும் பள்ளியும் இருந்தன. தெரியாதவரிடம் விவரம் கொடுக்காதே என்று பிள்ளைக்குச் சொல்லும் ஆசிரியரின் விவரமே தெருவில் கிடந்தது.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. இந்தச் சட்டம் இருப்பது தெரியாமலேயே, நூறு மதிப்பெண் எடுத்த பிள்ளையின் படத்தை ஃபேஸ்புக் பக்கத்தில் ஒட்டி அடுத்த வருடச் சேர்க்கைக்கு விளம்பரம் தேடுகிற பள்ளிகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன.

ஆசிரியருக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய சட்டம் இன்னொன்று. ஒரு மாணவியின் அந்தரங்கப் படம் குரூப் குரூப்பாகச் சுற்றுகிறது என்ற சேதி ஸ்டாஃப் ரூமுக்கு வந்தால் வழக்கமாக நடப்பது என்ன? தலைமையாசிரியர் அறையில் இரண்டு வீட்டாரையும் உட்காரவைத்துப் ‘பேசி முடிப்பது’. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பதே தண்டனைக்குரியது. நிறுவனத் தலைவருக்குத் தண்டனை கூடுதல். அந்தப் படத்தை ‘ஆதாரத்துக்கு’ என்று ஆளாளுக்கு அனுப்பிக்கொள்வது இன்னொரு குற்றம். இத்தகைய படங்களைத் தரவிறக்கிப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் சொன்னது. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று ரத்து செய்தது. பகிரும் நோக்கத்தோடு அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பதே குற்றம். ‘நான் அனுப்பல சார், எனக்கு வந்துச்சு’ என்று சொல்லும் ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு இதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

பாதிக்கப்பட்ட பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது வேறு. தப்பு உன்னுடையது இல்லை என்பது முதல் வாக்கியம். அடுத்து வழி. அமெரிக்காவின் காணாமல் போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையம் ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவையை நடத்துகிறது. 18 வயதுக்குள் எடுத்த அந்தரங்கப் படம் வெளியே போய்விட்டாலோ, போய்விடும் என்று பயந்தாலோ, பிள்ளை தன் போனிலேயே அந்தப் படத்தைத் தேர்ந்தெடுக்கலாம். போன் அதைக் கணக்கிட்டு நீளமான எண் எழுத்துக் கோவை ஒன்றை உண்டாக்கும். அந்தக் கோவை மட்டும் போகும். படம் போனை விட்டு நகராது. அதில் சேர்ந்துள்ள இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் முதலிய தளங்கள் அந்தக் கோவையோடு பொருந்தும் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும். வாட்ஸாப் போன்ற பூட்டிய உரையாடலுக்குள் இது செல்லாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கையில் ஒரு கருவி இருக்கிறது என்று தெரிந்த பிள்ளையை மிரட்டுவது கடினம்.

தடை கேட்பவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. வகுப்பு நேரத்தில் போன் கவனத்தைக் கெடுக்கும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டு அறிக்கையே அதைச் சொல்லிவிட்டது. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கையே தடுத்திருக்கிறது. பிள்ளையின் பையில் போன் வேண்டாம், சரி. ஆசிரியர் மேசையில் ஒரு போன், சுவரில் ஒரு திரை இருந்தால் இங்கே சொன்ன பாடம் எல்லாவற்றையும் நடத்தலாம். தடை போட்டதையே பாடம் நடத்திய கணக்கில் எழுதிக்கொள்வதுதான் ஏமாற்று.

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். கழிப்பறைக்கும் காம்பவுண்டு சுவருக்கும் தீர்மானம் போடும் அந்தக் கூட்டத்தில் அடுத்த முறை இதையும் கேளுங்கள்: நம் வகுப்புக் குரூப்பில் யார் யார் இருக்கிறார்கள்? எங்கள் பிள்ளையின் படத்தைப் போட யாரிடம் அனுமதி வாங்கினீர்கள்? ஏதாவது நடந்தால் பிள்ளை பயமில்லாமல் போய்ச் சொல்ல, பெயர் சொல்லிக் குறிப்பிட்ட ஓர் ஆசிரியர் இருக்கிறாரா? குழந்தைகளுக்கான உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் எண் 14417, இணையவழிப் பண மோசடிக்கு 1930. மூன்றையும் வகுப்பறைச் சுவரில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். பெயின்ட் செலவு அதிகம் ஆகாது.